நேட்டால் பின்னணியில் பெண்ணை நாயகியாக வைத்து அமானுஷ்ய சரித்திர மர்ம நாவல்: முதன்முதலாக எழுதுபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனில் இருந்துகொண்டு தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் அதிகம் இல்லை. எழுத ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "எங்க அவ்வா சொன்ன முனி கதைய வச்சு ஒரு நாவல் எழுதணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று என்னிடம் கேட்டவர்களே சிலர் உண்டு. எந்த ஆவணம் எங்கே கிடைக்கும், எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வகை நாவலில் பெண், சரித்திரம், கொலை, பேய் என்று நான்கும் சேர்ந்து வர வேண்டும். பலரும் பேயிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் பெண்ணிலிருந்து தொடங்குங்கள். அவள் எங்கே போகலாம், யாரிடம் பேசலாம், எந்தக் கதவு அவளுக்குத் திறக்காது என்பது தெரிந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் கதையில் இடம் தானாக அமையும். ஆனால் அதற்கு முன்னால் ஆண்டு முடிவாக வேண்டும்.

1. ஒரே ஓர் ஆண்டைப் பிடியுங்கள்

"அந்தக் கப்பல் காலத்தில்" என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து முதலில் வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1911இல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர். அந்த அரை நூற்றாண்டில் சட்டமும் ஊரும் துறைமுகமும் மாறிக்கொண்டே இருந்தன. துறைமுக வாயிலில் மணல்திட்டு இருந்ததால் பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரம் போட்டு நின்றன, ஆட்களும் சாமான்களும் சிறு படகுகளில்தான் கரைக்கு வந்தன. பெரிய தபால் கப்பல் ஒன்று நேராக உள்ளே வந்தது 1904இல்தான். டர்பன் தெருவில் குதிரை டிராம் வந்தது 1880இல், மின்சார டிராம் 1902இல். ராண்ட் நாணயம் 1961 பிப்ரவரி 14இல் வந்தது. அதுவரை பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்தான்.

பேரிடரோ பெரிய கலக்கமோ நடந்த ஆண்டாக எடுத்தால் உங்களுக்கு இரண்டு லாபம். ஆவணம் நிறையக் கிடைக்கும், சாவுகளுக்கு நடுவே ஒரு கொலையை ஒளித்து வைக்கவும் முடியும். டர்பனில் பிளேக் பரவிய 1902-03, அம்பிலோ ஆற்று வெள்ளம் கரையோரக் கோவிலை அடித்துக்கொண்டு போன 1905, நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் நடந்த 1913, விஷக்காய்ச்சல் வந்த 1918 எல்லாமே பொருத்தமானவை. எனக்கு மிகவும் பிடித்தது 1917 அக்டோபர். அம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு பகுதியின் காய்கறித் தோட்டக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. படவட்டான் குடும்பத்து மீனவர்கள் ஆறு பேர் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். அந்த இரவில் வெள்ளத்தில் போனவர்களும் உண்டு, வெள்ளத்தின் பேரில் கணக்கெழுதப்பட்டவர்களும் இருந்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். கதை அங்கேயே இருக்கிறது.

தெருப் பெயர்களில் கவனம் வையுங்கள். கிரே ஸ்ட்ரீட் இன்று டாக்டர் யூசுஃப் தாது ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட் இன்று டாக்டர் பிக்ஸ்லி காசெமெ ஸ்ட்ரீட். பாத்திரங்கள் வாயில் பழைய பெயர் மட்டுமே வர வேண்டும். கையில் வைத்திருக்கும் வரைபடத்தில் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் நாயகி எவ்வளவு தூரம் நடக்கலாம்?

துப்பறிகிறவளுக்கு நடக்கத் தெரிந்தால் போதாது, நடக்க அனுமதியும் வேண்டும். நேட்டாலின் 1891ஆம் ஆண்டு 25ஆம் எண் சட்டப்படி, ஒப்பந்தத்தில் இருப்பவர் முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் அந்த முதலாளியின் இருப்பிடத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் அகப்பட்டால் பிடித்துக் கொண்டுபோகலாம். 1869இலிருந்தே நகரங்களில் இன்னொரு சட்டமும் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை சீட்டில்லாமல் தெருவில் நடமாட முடியாது. கரும்புத் தோட்டமுள்ள மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து நள்ளிரவில் கிளம்பி டர்பன் சவக்கிடங்குக்குப் போய் வந்தாள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோக வழியில்லை. சீட்டு யார் கொடுத்தது? எந்தக் காரணம் சொன்னாள்? பொய்ச் சீட்டு என்றால் எழுதியது யார்?

இதைத் தடையாக நினைக்காதீர்கள். கதையின் விசையே இதுதான். ஒரு மைலுக்குள் துப்புத் துலக்க வேண்டிய பெண், ஒரு மைலுக்கு வெளியே கிடக்கும் ஒரு பிணம். இந்த இரண்டையும் வைத்துவிட்டால் ஒவ்வோர் அத்தியாயத்திலும் என்ன ஆபத்து என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அவளுக்கு என்ன வேலை என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

மருத்துவச்சி என்றால் அகால நேரத்தில் கூப்பிட ஆள் வரும். கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளான பாரக்ஸ் ஒவ்வொன்றுக்கும் போவாள். யார் வயிற்றில் யார் பிள்ளை, எந்தக் குழந்தை செத்துப் பிறந்தது, எந்தப் பெண் உடம்பில் என்ன காயம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூலிகளை மேய்க்கும் சர்தார்கூட அவளைப் பகைத்துக்கொள்ள யோசிப்பான். முதல் நாவலுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன்.

ஒப்பந்தம் முடித்து, தோட்டம் போட்டு, கூடையில் காய்கறி விற்பவளுக்குத் தூரம் பிரச்சினை இல்லை. வெள்ளைக்காரர் வீட்டுப் பின்வாசல்வரை போவாள், அடுக்களை வேலைக்காரர்களிடம் பேசுவாள். வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருப்பவள் எல்லாவற்றையும் கேட்கிறாள், ஆனால் நகர முடியாது. இவளை நாயகியாக வைத்தால் வெளியே போய்ப் பார்த்துச் சொல்ல இன்னொருத்தி வேண்டும். டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பாரக்ஸில் குடியிருப்பவள் என்றால், தமிழும் தெலுங்கும் கலந்த ஒரு நெருக்கமான ஊரே உங்கள் கையில் இருக்கிறது.

காந்தி நடத்திய 1913 சத்தியாகிரகத்தின் பெண்களை எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்தார். அவரைப் போன்ற உண்மையான மனிதர்களைத் துப்பறிய வைக்காதீர்கள், ஆவியாகவும் வரவழைக்காதீர்கள். அவர் அடைபட்டிருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலேயே இருந்த ஒரு கற்பனைப் பெண் போதும்.

பணக் கணக்கும் முக்கியம். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இங்கேயே தங்கியவர்கள்மேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது ஒரு பெண்ணின் முதல் ஆண்டு முழுக் கூலி. 1903இல் இந்த வரியைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள், பையனுக்கு 16 வயதிலிருந்து, பெண்ணுக்கு 13 வயதிலிருந்து. 1914இல்தான் ரத்தானது. மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான் என்று சாதிக்கும் ஒரு தாய், அது பொய் என்று தெரிந்த ஒருவன், பிறகு அவன் சாவு. கொலைக்குக் காரணம் தேடிப் புதையலுக்கும் ஜமீன் நகைக்கும் போக வேண்டாம்.

கல்யாணமும் அப்படித்தான். சடங்கு மட்டும் செய்து, ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க அரசு வைத்த அதிகாரியான குடியேற்றப் பாதுகாவலரின் அலுவலகத்தில் பதியாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. புருஷன் செத்ததும் அவள் யார், பிள்ளைகள் யார், நிலம் யாருக்கு என்ற கேள்வி வந்துவிடும். கப்பலில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதுதான் கட்டாயக் கணக்காக இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பாரக்ஸ் வாழ்க்கையில் பெண்ணுக்கு இருந்த நெருக்கடி அந்த எண்ணிலேயே இருக்கிறது.

3. காகிதங்கள் எங்கே இருக்கின்றன

கப்பல் பட்டியலில் தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்ற விவரம் இருக்கும். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொகுத்த பட்டியலைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். முனியம்மா பல எழுத்துக்கூட்டல்களில் வருவாள். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள், தகப்பன் பெயரையும் ஊரையும் வைத்து உறுதி செய்யுங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று ஜில்லாவைப் பார்த்தாலே நாயகியின் பேச்சு, சாமி, சாப்பாடு ஓரளவு பிடிபட்டுவிடும்.

அடுத்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் அங்கே இருக்கின்றன. அடித்ததற்குப் புகார், கூலி தராததற்குப் புகார், புருஷன் காணாமல் போனதற்கு மனு, தோட்டத்தில் நடந்த சாவுக்கு விசாரணை என்று நம் பெண்களின் குரல் அதிகம் பதிவானது அந்தக் கட்டுகளில்தான். படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அவள் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லி, குமாஸ்தா சுருக்கி எழுதியது அது. கீழே அவள் வைத்த பெருக்கல் குறி மட்டும்தான் அவளுடையது. நாலு வரியில் முடிந்துபோன வாக்குமூலத்துக்குப் பின்னால் அவள் உண்மையில் எப்படிப் பேசியிருப்பாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிப் பாருங்கள். என் நாயகி பேசத் தொடங்கியது அப்படி எழுதிய பக்கங்களில்தான்.

போவதற்கு முன்னால் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல் அட்டவணையான நயர்ஸில் தேடிக் குறிப்பெடுங்கள். காப்பகக் குறியீடு, மூலம், தொகுதி எண், கோப்பு எண், ஆண்டு ஆகிய ஐந்தும் வேண்டும். என்ஏபி என்றிருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டிபிடி என்றிருந்தால் டர்பன். இதைக் கவனிக்காமல் 80 கிலோமீட்டர் போய்விட்டு, கோப்பு டர்பனில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாள் வீண். இன்னொன்று, அட்டவணையில் கோப்பின் பழைய தலைப்பே இருக்கும். இன்று இங்கே வசவாகிவிட்ட 'கூலி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால்தான் பல கோப்புகள் வரும். மனம் கசக்கும், இருந்தாலும் தேடுங்கள்.

படிப்பறையில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துப் போங்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டுபோக வேண்டும். நகலுக்குப் பக்கக் கணக்கில் காசு. சொந்தக் கேமராவில் எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். வார நாட்களில் மட்டும் போகலாம், கோப்பை எடுத்துத் தரவும் நேரம் ஆகும். அதனால் காலையில் திறக்கும்போதே போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிளம்பும் முந்தைய நாள் போன் போட்டு, திறந்திருக்கிறதா, மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளில் பல, குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்திலேயே இலவசமாகக் கிடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள், நேட்டால் கோப்புகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஒரு வீட்டில் எத்தனை செம்பு, எத்தனை மாடு, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவற்றில் வரும். பத்திரிகைகளுக்கு 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன், 1908இல் பி.எஸ். ஐயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள். புகைப்படத்துக்கும் பழைய வரைபடத்துக்கும் டர்பன் கில்லி காம்பெல் நூலகம்.

இங்கே ஒரு கட்டாய விதி. உண்மையான குடியேற்ற எண்ணை நாவலில் போடாதீர்கள். பட்டியல் இணையத்தில் இருப்பதால், எண்ணைத் தட்டினால் பெயரும் கிராமமும் வந்துவிடும், வாரிசுகள் இங்கேயே டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருப்பார்கள். பலாத்காரம், தற்கொலை, கள்ளப் பிரசவம் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு நான்கையும் மாற்றுங்கள்.

4. பேய்க்கும் சட்டம் எழுதுங்கள்

நாவலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஆவி எங்கே வரும், எப்போது வரும், யாருக்குத் தெரியும், எதைச் செய்ய அதனால் முடியாது. இந்த நான்கில் கடைசியானதுதான் கதையைக் காப்பாற்றும். கொலையாளி பெயரைப் பேயே சொல்லிவிட்டால் வாசகர் ஏமாந்துபோவார். என் தீர்மானம் இது: ஆவி ஒரு கேள்வியைத் தரலாம், பதிலை நாயகி உழைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது ஒரு காகிதத்திலோ பொருளிலோ சாட்சியிலோ நிரூபணமாக வேண்டும். பாதுகாவலர் முன்னாலோ மாஜிஸ்திரேட் முன்னாலோ அவள் நிற்கும்போது முனி சொன்னது செல்லாது, அது அவளுக்கும் தெரியும். கண்டதை மறைத்து, செல்லுபடியாகும் சாட்சியைத் தேடி அவள் படும் பாடுதான் நாவல்.

எந்த அமானுஷ்யம்? தூரத்துக் கோட்டைப் பேய் எதற்கு? நம் ஆட்கள் கப்பலில் கொண்டுவந்தவையே போதும். மாரியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன், கங்கம்மா, பிள்ளை பெற்ற வீட்டில் கும்பிடும் காட்டேரி. மருத்துவச்சி நாயகிக்குக் காட்டேரி கும்பிடு எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள். குழந்தையைக் காக்கச் செய்யும் பூசை அது. அந்த இரவில் ஒரு குழந்தை காணாமல் போனால் ஊர் முழுக்க ஒரே பதிலைச் சொல்லும், அவள் ஒருத்தி மட்டும் நம்ப மாட்டாள்.

இவையெல்லாம் இன்றும் கும்பிடப்படும் தெய்வங்கள். ஆடியில் கூழ் ஊற்றுவதும், இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் ஈஸ்டர் நாளில் கூடும் கூட்டமும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியும் வேடிக்கைப் பொருள் இல்லை. அம்மனைக் கொலைகாரியாக்குவதும் சாமி வந்தவரைப் பித்தராகக் காட்டுவதும் வேண்டாம். ஒரு திருவிழாவுக்காவது முழுக்க இருங்கள், பூசாரியிடம் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று கேளுங்கள். பலிக்கும் நேர்த்திக்கும் கோவிலுக்குக் கோவில் முறை மாறும்.

ஜூலு நம்பிக்கைகளைத் தொடுகிறீர்கள் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இசங்கோமா முன்னோரிடம் குறி கேட்பவர், இன்யங்கா மூலிகை வைத்தியர். இருவரையும் 'சூனியக்காரர்' என்று ஒரே சாக்கில் போடுவது தப்பு, அவமதிப்பும்கூட. டோக்கோலோஷி என்ற குட்டிப் பேய்க்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததால் புதியவர்கள் உடனே அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜூலு பேசும் ஒருவரிடம் அந்தப் பகுதிகளைப் படித்துச் சொல்லி, அவர் சொல்லும் திருத்தத்துக்கு உரிய பணம் கொடுங்கள். இதை மொத்தச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

5. வானம், பருவம், மரம்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களும் தமிழ்நாட்டுக் கதைகளையே படித்தவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஆடி இங்கே குளிர்காலம், மழை இல்லாத மாதம். பொங்கல் கோடையின் நடுவில் வருகிறது. மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச்வரை. கரும்பு ஆலை ஏறக்குறைய மே முதல் டிசம்பர்வரை ஓடும், அந்த மாதங்களில் இரவு வேலையும் விபத்தும் அதிகம்.

வானத்தில் துருவ நட்சத்திரமே கிடையாது. அகத்திய நட்சத்திரம் உச்சிக்கு அருகில் பளிச்சென்று நிற்கும். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில் ஐயர் கையை நீட்டினாலும், வடக்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் அந்த நட்சத்திரம் டர்பனில் கண்ணுக்குப் படுவது துர்லபம். கப்பலில் வந்த ஒரு பெண்ணுக்கு இந்த வானம் எப்படி இருந்திருக்கும்! அமானுஷ்யத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

வேப்பமரத்தடி என்று எழுதுமுன் நில்லுங்கள். இங்கே பரவலாக இருப்பது வேம்பின் சொந்தமான சிரிங்கா மரம். அம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதிலாக அந்த இலையைத்தான் பலரும் எடுக்கிறார்கள். பௌர்ணமி அமாவாசை தேதிகளை இணையத்தில் பழைய ஆண்டுக்குக் கணக்கிட்டுத் தரும் தளங்கள் உண்டு. ஐந்து நிமிட வேலைதான்.

6. கொலையைக் கடைசியிலிருந்து கட்டுங்கள்

யார், ஏன், எதனால் என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். விஷம் என்றால் ஊமத்தை, அரளி இரண்டும் நம் பெண்களுக்குத் தெரிந்தவை. 1900களின் தொடக்கத்தில் மாட்டு உண்ணிக்குப் போடும் மருந்துக் குளியல் வழியாக ஆர்சனிக் பண்ணைகளுக்குள் வந்துவிட்டது. பிணத்தில் ஆர்சனிக் இருப்பதைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இலிருந்தே உண்டு. கேள்வி, ஒரு கூலிப் பெண்ணின் பிணத்துக்கு அந்தச் சோதனையைச் செய்ய யார் உத்தரவு போடுவார் என்பதுதான். மாவட்ட மருத்துவர் பார்க்காமலே 'காய்ச்சல்' என்று எழுதிவிட்டுப் போக முடிந்த காலம் அது. அந்த ஒரு வார்த்தையை மாற்ற வைப்பதையே நாயகியின் இலக்காக வைக்கலாம்.

தடயங்களை மூன்று நிரலாக எழுதுங்கள். எந்த அத்தியாயத்தில் வாசகர் பார்க்கிறார், எந்த அத்தியாயத்தில் நாயகி புரிந்துகொள்கிறாள், ஆவி சம்பந்தம் உண்டா இல்லையா. மூன்றாவது நிரலில் 'உண்டு' என்று அதிகம் விழுந்தால் மர்மம் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

7. பேச்சு

நாயகி எந்த ஜில்லாவோ அந்த வழக்கு. முதலாளியிடமும் ஜூலுக்காரரிடமும் பேசப் பயன்பட்டது ஃபனகலோ என்ற கலப்பு மொழி. அதை நாலைந்து சொல்லுக்குமேல் போடாதீர்கள். தெருக்கூத்து, இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் பெற்றது, ஒரு காட்சிக்காவது வரட்டும். முகத்தில் அரிதாரம் பூசியவர்கள், விடியவிடியக் கூட்டம், சாராயம், ஒருவர் காணாமல் போனால் காலையில்தான் தெரியும்.

8. எத்தனை மாதம் ஆகும்

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவருக்கு ஒன்றரை ஆண்டு என்று வையுங்கள். ஆவணத்துக்கு நான்கைந்து மாதம் போதும், அதற்குமேல் காப்பகத்தில் உட்கார்ந்தால் நாவல் நகராது. எழுத எட்டு மாதம். ஒரு மாதம் பூட்டி வைத்துவிட்டுத் திருத்த மூன்று நான்கு மாதம். எழுதும்போது சந்தேகம் வரும் இடத்தில் ஒரு குறியைப் போட்டுவிட்டு மேலே போங்கள். குறிகளையெல்லாம் சேர்த்து ஒரே முறை காப்பகத்துக்குப் போனால் பயணச் செலவு குறையும்.

9. வெளியிடுதல், செலவு

சென்னைப் பதிப்பாளரிடம் கொடுப்பதானால் நாள் பார்த்துக் கொடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்பதால் அக்டோபரிலிருந்து அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிப்ரவரி முதல் ஜூன்வரை அனுப்பினால் படிக்கவாவது படிப்பார்கள். கையெழுத்துப் பிரதி யூனிகோடில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இங்கே நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு உரிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே அச்சிட்ட பிரதிகளை மொத்தமாக வரவழைத்தால் இங்கே 15 சதவீத வாட் கட்ட வேண்டும். அதோடு கப்பல் கூலியையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

நீங்களே வெளியிடுவதானால் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. காசு வாங்கிக்கொண்டு வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களிடம் போகாதீர்கள். அச்சு நூலுக்கு ஒன்று, மின்நூலுக்கு வேறொன்று. பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் வேண்டாம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியதுமே உரிமை உங்களுடையது, ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு நீடிக்கும்.

காசை எங்கே செலவழிப்பது என்றால், முதலில் எடிட்டருக்கு, பிறகு மெய்ப்புப் பார்ப்பவருக்கு, கடைசியில்தான் அட்டைக்கு. எடிட்டரிடம் பத்துப் பக்கம் மாதிரிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சொல் கணக்கில் கட்டணம் பேசுங்கள். மர்மக் கதைக்கு எடிட்டர் அவசியம், தடயக் கணக்கில் விழும் ஓட்டை எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளூர் அச்சகத்துக்கு எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்கி ஒற்றும் கொம்பும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

அமேசானில் நாமே நூல் வெளியிட உதவும் கேடிபி சேவை தமிழ் மின்நூலை ஏற்கிறது. அச்சு நூலுக்கு அவர்களுடைய மொழிப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 70 சதவீத ராயல்டிக்கு விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும், அதற்கு வெளியே என்றால் 35 சதவீதம். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வரும். கணக்குத் திறக்கும்போது கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தில் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸ் கொடுத்த உங்கள் வரி எண்ணைப் போடுங்கள். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது. எண் போடாமல் விட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

அச்சு நூல் கைக்கு வந்ததும் சட்டப்படி ஐந்து பிரதிகளை நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டும். தேசிய நூலகத்தின் கேப் டவுன், பிரிட்டோரியா கிளைகள், கேப் டவுன் நாடாளுமன்ற நூலகம், புளூம்ஃபொன்டேன் மாங்காவுங் நூலகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் மசுண்டூசி நூலகம். அச்சிடும் எண்ணிக்கையில் இந்த ஐந்தையும் தபால் செலவையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். மசுண்டூசி பிரதியை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கலாம், ஆவணக் காப்பகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. அடுத்த நாவலுக்கான கோப்பு எண்களை அன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்.